நகராத கேமரா

முப்பரிமாண விளையாட்டில் நீங்கள் திரும்பினால் கேமராவும் கூடவே திரும்புவதாகத்தான் தோன்றும். ஆனால் கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு படம் வரையப் பயன்படும் ஓபன்ஜிஎல்லைப் பொறுத்தவரை கேமரா என்று ஒரு பொருளே கிடையாது. பார்ப்பவரின் கண் எப்போதும் (0, 0, 0) புள்ளியில், மைனஸ் இசட் திசையைப் பார்த்தபடி இருக்கும். கேமராவை 3 அலகு வலப்பக்கம் நகர்த்தச் சொன்னால், மொத்த உலகமும் 3 அலகு இடப்பக்கம் தள்ளப்படும். பழைய சினிமாவில் காரை ஸ்டுடியோவில் நிறுத்திவைத்து, பின்திரையில் சாலையை ஓடவிடுவார்களே, அதே வேலைதான். இதைச் செய்யும் 4×4 அணிக்கு, அதாவது எண்களின் கட்டத்துக்கு, வியூ மேட்ரிக்ஸ் என்று பெயர். காட்சியிலுள்ள பொருள்களின் ஒவ்வொரு முனைப்புள்ளியையும் இதனால் பெருக்க வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 60 முறை. கிராபிக்ஸ் கார்டு இதற்கெல்லாம் அசராது.

அணியைக் கையால் நிரப்ப யாரும் மெனக்கெடுவதில்லை. லுக்அட் ஃபங்ஷனிடம் மூன்று விவரம் கொடுத்தால் போதும்: கேமரா எங்கே, எதைப் பார்க்கிறது, மேல்பக்கம் எது. மூன்றாவது இல்லாவிட்டால், பார்வைக் கோட்டை அச்சாக வைத்துக் கேமராவை எப்படி வேண்டுமானாலும் சாய்த்துவிடலாம்.

கேமரா (0, 2, 5)இல் நின்று மையத்தை, அதாவது (0, 0, 0)ஐ, பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து கேமராவின் இடத்தைக் கழித்தால் (0, -2, -5). இதன் நீளம் ஏறத்தாழ 5.39, அதால் வகுத்தால் முன்திசை (0, -0.37, -0.93). இதையும் மேல்திசை (0, 1, 0)ஐயும் குறுக்குப் பெருக்கல் (இரண்டு திசைகளுக்கும் செங்குத்தான திசையைத் தரும் கணக்கு) செய்து, நீளத்தை 1 ஆக்கினால் வலத்திசை (1, 0, 0). வலத்தையும் முன்னையும் மறுபடி பெருக்கினால் (0, 0.93, -0.37). கேமராவின் உண்மையான மேல்திசை இதுதான். நாம் கொடுத்தது வெறும் குறிப்பு.

வில்லங்கம் இங்கேதான். கேமராவை (0, 5, 0)இல் வைத்து நேர்கீழே பார்க்கச் சொல்லுங்கள். முன்திசையும் மேல்திசையும் ஒரே கோட்டில் விழுவதால் பெருக்கல் பூஜ்யமாகிவிடும். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கப்போய் அணியில் குப்பை எண்கள் புகுந்துவிடும்; திரை வெறிச்சோடிப் போகும். பிழைச்செய்தி ஒன்றுகூட வராது. வரைபடம் போல மேலிருந்து பார்க்கும் காட்சி எழுதுபவர்கள் மேல்திசையாக (0, 0, -1) கொடுத்துத் தப்பிக்கலாம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளின் வழி இன்னும் சுலபம்: பல விளையாட்டுகளில் மவுஸை எவ்வளவு மேலே இழுத்தாலும் பார்வை 89 டிகிரிக்கு மேல் ஏறாது.