காணிக்கைக் கணக்கும் கூலிக் கணக்கும்

போன வருஷம் மார்ச் கடைசி வாரம். ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கணக்குப் புத்தகங்களோடு பாளையங்கோட்டையில் என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். (இன்னார் என்று தெரியக் கூடாது என்பதற்காகத் தொழிலையும் தொகைகளையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) கடைப் பலகையில் வேத வசனம், கல்லாவுக்கு மேலே வசனம், பில்லின் அடியிலும் வசனம். 26 பேர் வேலை பார்க்கிறார்கள். சபையின் புதிய ஆலயக் கட்டடத்துக்கு அந்த வருஷம் 2,50,000 ரூபாய் கொடுத்திருந்தார். பையிலிருந்து முதலில் வெளியே வந்தது அந்த ரசீதுதான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் சம்பளப் பதிவேட்டை எடுத்தேன். மாதாமாதம் ஒவ்வொருவர் சம்பளத்திலும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருந்தது. கட்டிய செலானைத் தேடினால் ஜூலை மாதத்தோடு நின்றுபோயிருந்தது. ஏழு மாதப் பிடித்தம் கட்டப்படவே இல்லை. சராசரிச் சம்பளம் 12,500 ரூபாய். அதில் 12 சதவீதம் 1,500. 26 பேருக்கு மாதம் 39,000. ஏழு மாதத்துக்கு 2,73,000 ரூபாய். இது தொழிலாளிகளிடம் பிடித்தது மட்டும். முதலாளி பங்கைச் சேர்த்தால் இரண்டு மடங்கு.

"அண்ணாச்சி, இந்தக் காணிக்கை யார் பணத்துல போச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே கடுமையாகப் பட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடையும் ஒரு ஊழியந்தான ஆடிட்டரம்மா. ஆண்டவர் கடைய ஆசீர்வதிச்சா அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான?" என்றார்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. கடையில் ஒரு பையனுக்கு விபத்து நடந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி கூடவே இருந்தவர். ஆடிக் கழிவில் சரக்கு தேங்கிவிட்டது, கையில் பணம் இல்லை, பி.எஃப். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். கட்டட நிதிக்குக் கொடுத்த வாக்கை மட்டும் தள்ளிப்போட மனம் வரவில்லை. இருபது வருஷத் தொழிலில் இப்படிப்பட்ட நல்ல மனுஷர் பலரைப் பார்த்துவிட்டேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பி.எஃப். விஷயம் பலருக்குச் சரியாகப் புரிவதில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு அது கட்டாயம். ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்ததை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு வருமான வரி வழக்கில் இந்த இரண்டு பங்கையும் பிரித்துப் பேசியது. முதலாளி பங்கு முதலாளியின் செலவு. தொழிலாளியிடம் பிடித்ததோ முதலாளியை நம்பி அவர் கையில் விடப்பட்ட பிறர் பணம். எனக்கு அந்தத் தீர்ப்பை வாசித்தபோது வேதபாடம் கேட்டது போலத்தான் இருந்தது. அந்த 1,500 ரூபாய் கல்லாவில் கிடக்கலாம், முதலாளியின் வங்கிக் கணக்கில் கிடக்கலாம். அவருடையது ஆகாது.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் அப்படியே. 10 பேர் இருந்தாலே கட்டாயம். சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடுகிறார்கள். வேறொரு கடையில் சேலைப் பிரிவில் நின்ற பெண் ஒருத்தி பிரசவ விடுப்பு எடுத்தபோதுதான் தன் பெயருக்குப் போதிய நாட்களுக்குப் பணம் கட்டப்படவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாட்களுக்காவது கட்டியிருந்தால்தான் 26 வாரச் சம்பளம் கிடைக்கும். அந்தக் கடையிலும் தினமும் காலையில் ஜெபம் உண்டு. அவள் பிள்ளைப்பேறு நல்லபடி நடக்க வேண்டுமென்று பெயர் சொல்லி ஜெபித்திருக்கிறார்கள்.

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை என்றால் நம் சபைகளில் முதலில் சொல்லப்படுவது மல்கியா மூன்றாம் அதிகாரம் பத்தாம் வசனம். வானத்தின் பலகணிகள் (ஜன்னல்கள்) திறக்கும் என்ற வாக்குத்தத்தம் எல்லாருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்களுக்கு முன்னால், கர்த்தர் யார் யாருக்கு விரோதமாகச் சாட்சியாக வருவேன் என்று சொல்கிற பட்டியல் இருக்கிறது. சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர் ஆகியோரோடு கூலிக்காரன் கூலியைப் பறிக்கிறவனும் அந்த வரிசையில் வருகிறான். அன்றன்றைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரக் கட்டளை. பலகணி திறக்கும் வசனத்தை வாசிக்கும் ஞாயிறன்று ஐந்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கும்படி போதகர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சுவிசேஷத்தில் வரும் வரி வசூல்காரன் சகேயுவை எனக்குப் பிடிக்கும், கணக்குத் தெரிந்த மனுஷன் என்பதால். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்கிறான். அநியாயமாக வாங்கியது இருந்தால் யாரிடம் வாங்கினேனோ அவனுக்கே நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்கிறான். இரண்டும் வேறு வேறு தலைப்பு. தர்மத்தை எழுதிவிட்டுக் கடனைக் கழிக்கவில்லை. நம்மில் பலர் இந்த இரண்டு தலைப்பையும் ஒன்றாக்கி, கொடுக்க வேண்டியவனுக்குக் கொடுக்காததை வேறு யாருக்கோ கொடுத்து மனதை ஆற்றிக்கொள்கிறோம்.

தொழில் என்பது ஊழியத்துக்குப் பணம் தேடும் வழி என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கிறிஸ்தவ வியாபாரிகளுக்கென்று நடக்கும் கூட்டங்களில் நான் கேட்ட செய்திகளில் பெரும்பாலானவை அதைத்தான் சொல்கின்றன: சம்பாதியுங்கள், மிஷனெரிகளைத் தாங்குங்கள். தாங்க வேண்டியதுதான். ஆனால் பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் பண்ணினபோது அந்தப் பட்டறையிலேயே சீஷத்துவம் நடந்தது. தோலோ துணியோ தைக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு, இவன் அளவில் ஏமாற்றுகிறானா, சொன்ன நாளில் கொடுக்கிறானா என்பதெல்லாம் தெரியாமலா போகும்? ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் உழைத்ததைத் தெசலோனிக்கே சபைக்கு ஞாபகப்படுத்தி எழுதுகிறார் அவர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை விடப் பட்டறை பெரிய பரீட்சை.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. லண்டன் மிஷன் என்ற மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மா பெண் பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது, 1855இல்தான் ஒழிந்தது. லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் கூடப் போனது. அந்தக் கூலி சரியாக எண்ணி லேஸ் பின்னிய பெண்களின் கையில் கொடுக்கப்படாமல் இருந்திருந்தால் விடுதலையும் இல்லை, சுவிசேஷமும் இல்லை என்று நான் நினைப்பதுண்டு.

மங்களூரில் பாசல் மிஷன் என்ற இன்னொரு மிஷனெரி சங்கம் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. நெசவுச் சாலைகளும் நடத்தியது. ஞானஸ்நானம் பெற்றதால் சாதியும் பிழைப்பும் இழந்தவர்களுக்கு வேலை தர வேண்டிய தேவை இருந்தது. அதன் நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் வேலை கொடுப்பதும் சபையை நடத்துவதும் ஒரே மிஷன் என்றால், கூலி போதவில்லை என்று சொல்ல வேண்டியவன் வாயைத் திறக்கத் தயங்குவான். இன்றைக்கு நம் கடைகளிலும் அந்தத் தயக்கத்தைப் பார்க்கிறேன். முதலாளி சபை மூப்பர், வேலைக்காரி அதே சபையின் பிள்ளை. ஓவர்டைம் பணத்தைக் கேட்டால் "விசுவாசம் குறைந்தவள்" என்ற பேச்சு வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள்.

காலை ஜெபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிற மதத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கிற கடையில் ஜெபத்துக்கு வந்தால்தான் வருகைப் பதிவு என்று வைக்காதீர்கள். வேலை நேரத்துக்கு முன்னால் வையுங்கள், விரும்பினவர் வரட்டும். வராதவரின் சம்பளம், சலுகை, பேச்சு எதிலும் வித்தியாசம் தெரியக் கூடாது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நாள் முழுக்க நின்று கால் நரம்பு சுருண்டுபோன பெண்களுக்கு முதலாளியின் விசுவாசம் என்ன என்பதை ஒரு ஸ்டூல் சொல்லிவிடும்.

பலசரக்குக் கடைக்காரர்களிடம் நான் தராசைப் பற்றிக் கேட்பேன். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். "முத்திரை போட்டாச்சா?" என்று நாம் சாதாரணமாகக் கேட்கிற அந்தச் சொல் நம் வேதாகமத்திலேயே இருக்கிறது. நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் கள்ளத்தராசுக்கு எதிராக நிற்பது "சுமுத்திரையான நிறைகல்", அதாவது முத்திரை சரியாக உள்ள எடைக்கல். அந்த வசனத்தை ஃபிரேம் போட்டு மாட்டிய கடையிலேயே முத்திரை காலாவதியான தராசைக் கண்டு சொன்னேன். அந்தத் தம்பி மறுநாளே புதுப்பித்துவிட்டார்.

சரக்கு தந்தவருக்குப் பணம் கொடுப்பதில் நம் ஆட்கள் மோசம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு தொழிலாகப் பதிவு செய்த ஒருவர் பொருளைச் செய்து கொடுத்தாலோ சேவை செய்தாலோ, எழுத்தில் பேசியபடி, அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எழுத்து இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் இவ்வளவு பாதுகாப்புக் கொடுத்தும், அட்டைப்பெட்டி செய்து தருகிற சபைக்காரர் ஒருவர் ஆறு மாதமாகக் கேட்காமல் இருந்தார். "ஞாயித்துக்கிழமை பக்கத்துப் பெஞ்சுல உக்காருற மனுஷன்கிட்ட எப்படிக்கா கேக்க?" என்றார். கேட்க முடியாதவனிடம் கடன் வைப்பதுதான் எளிது. அதனாலேயே அவனுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி நாலு தவணையில் எல்லாவற்றையும் கட்டி முடித்தார், வட்டியும் தண்டத் தொகையும் சேர்த்து. கட்டட நிதிக்குச் சொல்லியிருந்த அடுத்த தொகையை இப்போது தர முடியாது என்று போதகரிடம் போய்ச் சொன்னாராம். கூச்சத்தோடுதான் போயிருக்கிறார். "முதல்ல அந்தப் பிள்ளைகளுக்குக் குடுங்க" என்றாராம் போதகர். இப்போது அந்தக் கடையில் மாதச் செலானின் நகலைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுகிறார்கள்.

கடைசியாக, எனக்குத் தூக்கம் கெடுகிற விஷயம்: சபையில் டெபாசிட் வாங்குவது. "இது தேவனுடைய வியாபாரம், வங்கியை விட அதிக வட்டி, லாபத்தில் ஒரு பங்கு மிஷனுக்கு" என்று சொல்லி வருகிறார்கள். சிலர் உண்மையாகவே நம்பித் தொடங்குகிறார்கள். முதல் சில மாதம் வட்டி வரும். அது பெரும்பாலும் அடுத்து வந்தவரின் பணம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் பணிக்கொடையில் பெரும்பகுதியை இப்படிக் கொடுத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அவரிடம் இருந்தது ஒரு கையெழுத்துச் சீட்டும் ஒரு வாக்குத்தத்த அட்டையும்.

முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. பணம் வாங்கினாலே சிறை உண்டு. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. நோக்கம் நல்லது என்பது இதில் விலக்கு ஆகாது. தொழிலுக்கு முதல் வேண்டும் என்றால் வங்கிக் கடன் இருக்கிறது, கூட்டு ஒப்பந்தம் போட்டுப் பங்குதாரர் சேர்க்கலாம், கம்பெனி தொடங்கலாம். ஒவ்வொன்றிலும் யாருடைய பணம், யாருக்கு நஷ்டம் என்பது எழுத்தில் இருக்கும். போதகர்களே, பிரசங்க பீடத்திலிருந்து எந்த முதலீட்டையும் அறிவிக்காதீர்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் சனங்கள் அதைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், சீட்டு, வங்கிப் பரிமாற்றத் தாள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். வழக்கு இந்தச் சட்டங்களுக்குள் வருமா என்பதை ஒரு வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். புகாரைப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவல்துறையிடம் கொடுக்கலாம். சகோதரன்மேல் வழக்குக்குப் போகலாமா என்று 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தைக் காட்டி உங்களைத் தடுப்பார்கள். அந்த ஆசிரியையையும் அப்படித்தான் எட்டு மாதம் தடுத்து வைத்தார்கள். அவரோடு உட்கார்ந்து அந்த அதிகாரத்தை எட்டாம் வசனம் வரை வாசித்தேன். அங்கே பவுல், சகோதரருக்கே அநியாயம் செய்து நஷ்டப்படுத்துகிறவர்களைப் பார்த்துப் பேசுகிறார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை தானே வாசித்தார். மறுநாள் இருவரும் புகார் எழுதினோம்.