சிறுநீரகக் கல்லை உடைக்கும் சுவிட்ச்

சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும் மருத்துவக் கருவிக்குள் ‘ட்ரிக்கர்டு ஸ்பார்க் கேப்’ என்றொரு சுவிட்ச் உண்டு. பெரும் மின்னோட்டத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் பாய்ச்சும். அணுகுண்டின் வெடிதூண்டிக்கும் இதுவே பொருந்தும். 2003-ல் தென்னாப்பிரிக்கத் தரகர் ஒருவர் அமெரிக்க ஆலை செய்யும் இந்தச் சுவிட்சில் 200 வாங்க முயன்றார். சொவெட்டோ மருத்துவமனைக்கு என்றார். ஒரு மருத்துவமனை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வாங்கும். துப்புக் கிடைத்த அமெரிக்க அதிகாரிகள் 66 சுவிட்சுகளைச் செயலிழக்கச் செய்து அனுப்பிவிட்டுப் பின்தொடர்ந்தார்கள். அவை பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தன.

ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் சிக்கலே இதுதான். அணு உலை, யுரேனியத்தைச் செறிவூட்டும் எந்திரம் போன்றவற்றைத் தடுப்பது எளிது, பெயரே காட்டிக்கொடுத்துவிடும். இந்தியாவின் 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு உருவான, அணுசக்திப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நாடுகளின் அணுசக்தி வழங்குநர் குழு, 1978-ல் வெளியிட்ட விதிகளில் இவற்றையே கவனித்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கில் நுழைந்த ஆய்வாளர்கள் கண்டதோ சாதாரணத் தொழிற்சாலைச் சரக்கு. எனவே 1992-ல், சாதாரணத் தொழிலுக்கும் அணு ஆயுதத்துக்கும் உதவும் இரட்டைப் பயன் பொருள்களுக்குத் தனிப் பட்டியல் வந்தது.

அந்தப் பட்டியல் பெயரால் அல்ல, எண்ணால் பேசுகிறது. மாரேஜிங் எஃகு என்னும் மிக உறுதியான எஃகு என்றால் எல்லாம் அல்ல. இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் திறன், 1950 மெகாபாஸ்கலை எட்டக்கூடியது மட்டும். அலுமினியக் குழாய் என்றால் 460 மெகாபாஸ்கலை எட்டக்கூடியது, வெளிவிட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல். காரணம், யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரம். உருளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு நன்றாக யுரேனியம் பிரியும்; மட்டமான உலோகம் அந்த வேகத்தில் பிய்ந்து சிதறிவிடும்.

ஏற்றுமதியாளர் முதலில் தன் பொருளின் அளவுகளைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். சுங்கத்தின் ஆறு இலக்கக் குறியீடு வரி போடுவதற்காக உருவானது. சாதாரணத் தண்ணீர் வால்வும் பட்டியலில் வரக்கூடிய, அரிமானம் தாங்கும் நிக்கல் வால்வும் அதில் ஒரே தலைப்புக்குள் அடங்கிவிடும். துறைமுகத்தில் பெட்டியைத் திறப்பவருக்கு இரண்டும் வால்வுதான்.

அடுத்தது, பொருளை யார், எதற்குப் பயன்படுத்துவார் என்று உறுதி கூறும் இறுதிப் பயனாளர் சான்று. கடிதத்தாளும் முத்திரையும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். கேட்க வேண்டியவை வேறு: வாங்குபவரின் தொழிலுக்கு இந்த எண்ணிக்கை பொருந்துகிறதா? நிறுவுவதற்கும் பராமரிப்புக்கும் ஆள் வேண்டாம் என்கிறாரா? பெறுநர் வெறும் சரக்கு முகவரா? பட்டியல் எல்லைக்குச் சற்றே கீழே உள்ள பொருளைத் தேடிப்பிடித்துக் கேட்கிறாரா? பட்டியலில் இல்லாத பொருளாயினும், அணு ஆயுதத்துக்குப் போகும் என்று தெரிந்தால் உரிமம் கட்டாயம் என்னும் விதி அதற்காகவே இருக்கிறது. ஒரு நாடு மறுத்த விண்ணப்பத்தைக் குழுவின் மற்ற நாடுகளுக்கும் தெரிவிப்பார்கள். இல்லாவிட்டால் வாங்குபவர் அடுத்த கதவைத் தட்டுவார்.

இத்தனைக்கும் நடுவே ஓட்டை விழும். பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் கள்ள வணிக வலையமைப்பு மையவிலக்கு உதிரிப்பாகங்களை மலேசியாவில் செய்வித்து, துபாய் வழியாக லிபியாவுக்கு அனுப்பியது. பாகங்களைச் செய்த ஆலை, எண்ணெய்–எரிவாயுத் தொழிலுக்கு என்று நம்பியதாகப் பின்னர் சொன்னது. 2003 அக்டோபரில் ‘பிபிசி சைனா’ கப்பலை இத்தாலியின் தரன்டோ துறைமுகத்துக்குத் திருப்பிச் சோதித்தபோதுதான் பெட்டிகள் பிடிபட்டன. அடுத்த ஆண்டு ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1540-ஆம் தீர்மானம், எல்லா நாடுகளும் இடைவழிச் சரக்கையும் தரகர்களையும் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற வேண்டும் என்றது.

பட்டியல் சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்பு எழுதாது. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்களின் விட்டம் 81 மில்லிமீட்டர், அதாவது எல்லைக்கு மேல். மையவிலக்குக்குத்தான் என்று அமெரிக்கா சாதித்தது. விட்டத்தோடு சுவரின் தடிமனையும் பழைய கொள்முதல்களையும் சேர்த்துப் பார்த்த சர்வதேச அணுசக்தி முகமை, அவை ராக்கெட்டைத் தவிர வேறெதற்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றே 2003 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையில் கூறியது. இரண்டு வாரத்துக்குள் போர் தொடங்கிவிட்டது.