நெமவாஷி: கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும் வேலை

ஜப்பானிய நிறுவனக் கூட்டங்களுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். பெரிய திட்டத்தை எடுத்து வைப்பார்கள், யாரும் வாதாட மாட்டார்கள், தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். வாதமெல்லாம் முன்பே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நடந்து முடிந்திருக்கும். அந்த முன்வேலைக்குத்தான் நெமவாஷி என்று பெயர்.

'நெ' என்றால் வேர். 'மவாசு' என்றால் சுற்றச் செய்தல். தோட்டக்காரர்களின் சொல் இது. வளர்ந்த மரத்துக்கு நீர் உறிஞ்சும் சல்லிவேர்கள் அடிமரத்தை விட்டுத் தள்ளி, வேர் நுனிகளில்தான் அதிகம். திடீரென்று பெயர்த்தால் அவை மண்ணிலேயே தங்கிவிடும், மரம் பட்டுப்போகும். அதனால் பல மாதங்களுக்கு முன்பே, சில சமயம் ஓராண்டுக்கும் முன்பே, மரத்தைச் சுற்றித் தோண்டி, வேர்கள் சிலவற்றை வெட்டிவிட்டு மண்ணை மூடிவிடுவார்கள். தாங்கி நிற்கும் தடித்த வேர்களை வெட்டாமல், பட்டையை மட்டும் வளையமாக உரிப்பதும் உண்டு. அடிமரத்தை ஒட்டிப் புதுச் சல்லிவேர்கள் விடும். அப்புறம்தான் இடமாற்றம்.

அலுவலகத்திலும் அதே கதைதான். திட்டம் போட்டவர் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் போய்ப் பார்க்கிறார். ஆட்சேபங்களைக் கேட்டுத் திட்டத்தைத் திருத்துகிறார். டொயோட்டாவில் பிரச்சினை, காரணம், தீர்வு எல்லாவற்றையும் ஒரே ஏ3 தாளில் எழுதி, அதைக் காட்டிக் கருத்துக் கேட்கும் வழக்கம் உண்டு. எல்லாரும் இசைந்தபின் 'ரிங்கிஷோ' என்ற ஒப்புதல் தாள் மேசை மேசையாகச் சுற்றி முத்திரை வாங்கும். அரசியலில் இந்தச் சொல்லுக்குத் திரைமறைவு பேரம் என்ற வாடையும் அடிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கருத்தொற்றுமை' பொருந்தாது; அது விளைவு, இது அதற்கான உழைப்பு. பேச்சு வழக்கில் 'காதில் போட்டு வைப்பது' நெருங்கி வருகிறது. ஆனால் காதில் போடுபவர் சொல்லிவிட்டுப் போய்விடலாம். நெமவாஷி செய்பவர் கேட்கவும் வேண்டும், தன் திட்டத்தின் வேர் சிலவற்றைத் தானே வெட்டவும் வேண்டும். 'வேர்சுற்றல்' என்று நேராகப் பெயர்த்தால் தோட்டக்காரருக்கு மட்டுமே புரியும். 'முன்னிசைவு' என்று மட்டும் எழுதினால் அரசாணையில் வரும் முன் அனுமதி போல ஒலிக்கிறது. செயலும் தெரியும்படி 'முன்னிசைவு தேடல்' என்பது என் தேர்வு. வாக்கியத்தில்: "நாளைக் கூட்டத்துக்குக் கணக்குப் பிரிவில் முன்னிசைவு தேடிவிட்டீர்களா?"