இடிந்த சுவரைத் திரையில் எழுப்புவது எப்படி?

அடித்தளம் மட்டும் மிஞ்சிய கோட்டையின் முன் நின்று போனைத் தூக்கிப் பிடித்தால், திரையில் சுவர் முழு உயரத்துக்கு எழுகிறது. மிகை மெய்ம்மை எனப்படும் இந்த ஏ.ஆர். காட்சியில் முப்பரிமாண மாதிரியை அழகாகச் செய்வதைவிட, அதைச் சரியான கல்லின்மேல் உட்கார வைப்பதே பெரும்பாடு.

ஜி.பி.எஸ். மட்டும் இதற்குப் போதாது. திறந்த வெளியிலேயே போன் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். அருகில் இரும்பு வேலி இருந்தால் திசைகாட்டியும் பிசகும். 5 டிகிரி பிசகினாலே, 20 மீட்டர் தொலைவில் உள்ள வாசல் 1.75 மீட்டர் நகர்ந்துவிடும்.

அதனால் கேமராவைத்தான் நம்ப வேண்டும். முதலில் இடத்தைப் பல கோணங்களில் படமெடுக்கிறார்கள். அடுத்தடுத்த படங்களில் 60 முதல் 80 சதவீதக் காட்சி பொதுவாக இருக்க வேண்டும். கல்லின் மூலை, விரிசல் போன்ற அடையாளப் புள்ளிகளை மென்பொருள் பொறுக்கியெடுத்து முப்பரிமாண வரைபடமாக்கும். பார்வையாளரின் கேமரா காணும் புள்ளிகளை அதனோடு ஒப்பிட்டு, போன் தான் நிற்கும் இடத்தை அறிகிறது. பிறகு கை அசையும்போது, போனுக்குள் இருக்கும் உணரிகளான முடுக்கமானியும் (வேக மாற்றத்தை அளப்பது) கைரோஸ்கோப்பும் (சுழற்சியை அளப்பது) விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அசைவை அளக்கின்றன. அவற்றின் சிறுபிழைகள் சேர்ந்துகொண்டே போவதால், கேமரா படங்களைக் கொண்டு அடிக்கடி திருத்தாவிட்டால் சுவர் மெல்ல நழுவும்.

காலையில் மட்டும் படமெடுத்த வரைபடம் மாலையில் தடுமாறும். நிழல் விளிம்புகள் இடம் மாறியிருக்கும். ஆகவே காலை, நண்பகல், மாலை, மேகமூட்டம் என நான்கு வேளையும் எடுங்கள். செடிகொடிகளை வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள், அவை வளர்ந்துவிடும். வெறும் வெள்ளைச் சுவரில் பிடிக்கப் புள்ளியே கிடைக்காது.

அடுத்த சிக்கல் மறைப்பு. இன்றும் நிற்கும் தூணுக்குப் பின்னால் இருக்க வேண்டிய மண்டபம் தூணின்மேல் ஒட்டியதுபோல் தெரிந்தால், கண் உடனே நம்ப மறுக்கும். இதற்குத் தூணின் அளவிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு மாதிரியைக் காட்சியில் வைக்கிறார்கள். அதற்கு நிறம் கிடையாது, ஆழம் மட்டும் உண்டு, அதாவது கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவு என்ற கணக்கு. பின்னால் உள்ள பகுதி வரையப்படாமல் போக, உண்மையான தூண் முன்னே நிற்கும். குறுக்கே நடப்பவர்களுக்கு இந்த உத்தி உதவாது. ஆழத்தை நேரடியாக அளக்கும் லைடார் போன்ற உணரியோ, மனித உருவைப் பிரித்தறியும் மென்பொருளோ வேண்டும்.

வெயிலில் கேமராவும் முழு வெளிச்சத் திரையும் சேர்ந்து போனைச் சூடாக்கும். சூடேறினால் போன் தானே வேகத்தையும் வெளிச்சத்தையும் குறைக்கும். ஒவ்வொரு காட்சியையும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்து, நிற்கும் இடத்தை நிழலில் குறியுங்கள். படிக்கட்டு, கிணற்றோரம் கூடவே கூடாது. திரையைப் பார்த்தபடி பின்னால் நகர்பவர்கள் ஏராளம்.

அகழாய்வு சுவரின் தடிமனைச் சொல்லும், கூரையின் உயரத்தைப் பெரும்பாலும் சொல்லாது. சான்று எது, ஊகம் எது என்று தெரியும்படி காட்ட வேண்டும் என்கிறது, பாரம்பரியச் சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கான நெறிகளைத் தொகுத்து 2006-இல் வெளியாகி 2009-இல் திருத்தப்பட்ட லண்டன் சாசனம். சான்றுள்ள பகுதியைத் திடமாகவும் ஊகித்ததை ஒளி ஊடுருவும்படியும் வரைவது எளிய வழி. கூரை பற்றி இரு கருத்துகள் இருந்தால், ஒரு பொத்தானில் இரண்டையும் மாற்றிப் பார்க்க விடுங்கள்.