தரையில் குஞ்சைப் பார்த்ததும் தூக்காதீர்கள்

இந்த வாரத்தில் வந்த நான்காவது அட்டைப்பெட்டி அது. திறந்தால் உடம்பு முழுக்க இறகு, குட்டை வால், நன்றாக விழித்த கண். "கூட்டிலிருந்து விழுந்துவிட்டது டாக்டர், தாய் விட்டுட்டுப் போயிடுச்சு" என்றார் கொண்டுவந்தவர்.

விழவில்லை. பறக்கப் பழகக் கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு அது. தாயும் தகப்பனும் பக்கத்துக் கிளையில்தான் இருந்திருக்கும். ஆள் நின்றால் இறங்கி வராது.

எனக்கு ஆற்றாமையே இதில்தான்: "மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது." தவறு. குஞ்சின் குரலும் அது இருக்கும் இடமும்தான் தாய்க்கு அடையாளம். பறவை ஆய்வில் குஞ்சுகளைக் கையால் எடுத்து, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டித் திரும்பக் கூட்டில் வைக்கிறோம். சற்று நேரத்தில் தாய் இரையோடு வந்துவிடும். கை பட்டதற்காக எந்தக் குஞ்சும் அநாதையாவதில்லை. தயவுசெய்து திரும்ப வையுங்கள்.

இந்தக் குஞ்சின் அலகோரத்தில் பால் காய்ந்திருந்தது. வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. பறவைக்குப் பால் செரிக்காது. அதைவிட, நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் திறந்திருப்பதால் ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடும். ராத்திரி செத்துப்போனது.

சரி, என்ன செய்யலாம்? இறகு முளைக்காத குஞ்சென்றால் கூட்டிலேயே வையுங்கள். கூடு பிய்ந்திருந்தால், அடியில் ஓட்டையிட்ட சின்னக் கூடையை அதே கிளையில் கட்டுங்கள். இறகு முளைத்ததைப் பக்கத்துப் புதரில் விட்டுவிட்டுத் தள்ளி நின்று ஓரிரண்டு மணி நேரம் பாருங்கள். பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ரத்தம், தொங்கும் இறக்கை, பூனை கவ்வியது என்றால் மட்டும் உடனே கொண்டுவாருங்கள். பூனைப்பல் பட்டால் காயம் தெரியாவிட்டாலும் கிருமி உள்ளே போயிருக்கும்.

அப்புறம், தெருவே சேர்ந்து செய்ய வேண்டியது. நீங்கள் புதரில் விட்ட குஞ்சைப் பக்கத்து வீட்டுப் பூனை பிடித்தால் என்ன பயன்? கூடு கட்டும் மாதங்களில் யாரும் கிளை வெட்டுவதில்லை, பூனையை வெளியே விடுவதில்லை, பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று பேசி முடிவெடுங்கள். அமெரிக்காவில் வாழும் கரோலினா சிக்கடி என்ற சின்னஞ்சிறு பறவை ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துவிட 6,000 முதல் 9,000 புழுக்கள் கொண்டுவரும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் மண்ணின் மரமும் புதரும் இல்லாமல் அத்தனை புழு எங்கிருந்து வரும்?

கொண்டுவருவதென்றால், எந்த மரத்தடியில் எடுத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நேற்று வந்த ஐந்தாவது குஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கே கொண்டுபோய் விடுவதென்றுதான் தெரியவில்லை.