உருட்டுவது வேறு, நகர்த்துவது வேறு

“கோப்பின் இறுதிவரை நகர்த்தி, கீழ்க்காணும் வரியைச் சேர்க்கவும்.” மென்பொருள் கையேடுகளில் இந்த மாதிரித் தமிழ் திரும்பத் திரும்ப வருகிறது. எதை நகர்த்துவது? இடங்காட்டி (கர்சர்) 40ஆம் வரியில் நிற்கிறது என்று வையுங்கள். படிப்பவர் மவுஸ் சக்கரத்தை உருட்டி 900ஆம் வரிக்கு வந்து ஓர் எழுத்தைத் தட்டுகிறார். விஎஸ் கோடு என்ற நிரல் எடிட்டரில் திரை சட்டென்று 40க்கே திரும்பிவிடும். எழுத்தும் அங்கேதான் விழும். அவர் மேல் பிழையில்லை. ஸ்க்ரோலுக்கும் கர்சர் அசைவுக்கும் ‘நகர்த்து’ என்று ஒரே சொல்லைப் போட்டவர் மேல்தான் பிழை.

ஸ்க்ரோல், தோல் நறுக்கைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, ‘ரோல்’ என்பதன் சாயலால் இன்றைய வடிவம் பெற்றது. கர்சர் இலத்தீனில் ‘ஓடுபவன்’. கணக்கிடப் பயன்பட்ட ஸ்லைடு ரூல் என்ற அளவுகோலின் மேல் தள்ளிப் பார்க்கும் கண்ணாடித் துண்டுக்கும் அதுவே பெயர். ஒன்று ஏடு, மற்றது ஏட்டின் மேல் ஓடுவது. வேறுபாடு மூலத்திலேயே இருக்கிறது.

ஸ்க்ரோலுக்கு ‘சுருட்டு’ என்பாரும் உண்டு. சுருள் என்ற பெயர்ச்சொல்லில் குறையில்லை. ஓலைச்சுருள், படச்சுருள் எல்லாம் நம்மிடம் உள்ளவையே. வினையாக்கும்போதுதான் இடறுகிறது. பாயைச் சுருட்டினால் பாய் மூடிக்கொள்ளும். இங்கே நடப்பதோ அடுத்த பகுதி கண்ணுக்குத் தெரிவது. பொத்தானில் தனியே ‘சுருட்டு’ என்று நின்றால் புகையிலைச் சுருட்டும் நினைவுக்கு வரும். ‘உருட்டு’ என்பதில் இந்தத் தொல்லை இல்லை. ‘உருள்பெருந்தேர்’ என்று குறள் (667) ஆண்ட வேர் அது. கை உண்மையில் செய்வதும் சக்கரத்தை உருட்டுவதுதான். உருள்பட்டை என்ற சொல்லும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இன்றைய பேச்சில் ‘உருட்டு’ புளுகைக் குறிக்கிறதே என்பார்கள். அதற்காக ஒரு நல்ல வினையைக் கைவிட முடியாது. இடம் பொருளைக் காட்டிவிடும்.

ஆக, பார்வை உருளும், இடங்காட்டி நகரும். கர்சரைச் ‘சுட்டி’ என்று எழுதாதீர்கள். அது மவுஸுக்குப் போய்விட்ட சொல்.

எடிட்டர்கள் இந்த வேறுபாட்டைக் கறாராகவே பேணுகின்றன. விண்டோஸில் விஎஸ் கோடின் பேஜ் டவுன் இடங்காட்டியை நகர்த்தும். ஆல்ட்டோடு சேர்த்தால் பார்வையை மட்டும் உருட்டும். மேக்கின் சொந்தச் செயலிகளில் பெரும்பாலும் நேர்மாறு: வெறும் பேஜ் டவுன் உருட்டும், ஆப்ஷனோடு அழுத்தினால் நகர்த்தும். விம் என்ற எடிட்டரில் ‘ஜே’ நகர்த்தும், கண்ட்ரோல்–ஈ ஒரு வரி உருட்டும். ஆனால் விம் இடங்காட்டியைத் திரைக்கு வெளியே விடாது. மேல்விளிம்பைத் தொட்டதும் அதையும் கூடவே இழுத்து வரும். எல்லாவற்றுக்கும் ‘நகர்த்து’ என்றால் இதில் ஒரு வரியைக்கூடத் தமிழில் விளக்க முடியாது.

திசையிலும் கவனம் வேண்டும். ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் கண்ட்ரோல்–வி, கோப்பின் அடுத்த பகுதியைக் காட்டும். ஆனால் அந்தக் கட்டளையின் பெயர் ‘ஸ்க்ரோல் அப்’, ஏனென்றால் அங்கே கணக்கு எழுத்து மேலே ஏறுவதை வைத்து. அதை அப்படியே ‘மேலே உருட்டு’ என்று பெயர்த்தால் படிப்பவர் கோப்பின் தொடக்கத்துக்குப் போவதாக எண்ணுவார். ‘அடுத்த பகுதிக்கு உருட்டு’ என்றால் குழப்பமே இல்லை. சொற்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு, மென்பொருளைத் திறந்துகூடப் பாராமல் பெயர்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது.

விசைப்பலகையிலுள்ள ஸ்க்ரோல் லாக் விசையை ‘நகர்வுப் பூட்டு’ என்பதும் இதே கோளாறு. எக்செலில் அது இயங்கும்போது அம்புக்குறி விசைகள் தாளை உருட்டும். தேர்ந்த கட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘உருள் பூட்டு’ என்றே எழுதலாம், கூடவே ஒரு வரியும் சேர்க்கலாம்: “அம்புக்குறியை அழுத்தியும் கட்டம் நகராமல் தாள் உருண்டால், உருள் பூட்டை விடுவிக்கவும்; மடிக்கணினியில் அந்த விசை இல்லையென்றால் விண்டோஸின் திரை விசைப்பலகையைத் திறந்து அதிலுள்ளதை அழுத்தவும்.”