6 மணி நேரம், 180 நாள் லாக்: சர்ட்-இன் உத்தரவு நிறுவனங்களிடம் கேட்பது என்ன?

சர்வருக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள், ரான்சம்வேர் ஃபைல்களைப் பூட்டிவிட்டது, வாடிக்கையாளர் தகவல் வெளியே கசிந்துவிட்டது. இப்படி எது நடந்தாலும், கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 70பி-ன் கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று வந்த உத்தரவு இது. தனியார் கம்பெனி, அரசு அலுவலகம், டேட்டா சென்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சிறு, குறு நிறுவனங்களுக்குக் கொடுத்த கூடுதல் அவகாசமும் 2022 செப்டம்பர் 25-ல் முடிந்துவிட்டது.

விசாரணை முழுசாக முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் கையில் என்ன தெரியுமோ அதைச் சொன்னால் போதும். மீதியைப் பிறகு தரலாம். சர்ட்-இன் இணையதளத்தில் படிவம் இருக்கிறது, 1800-11-4949 என்ற எண்ணிலும் சொல்லலாம். தொடர்புக்கு ஒருவரை நியமித்து அவர் விவரத்தை முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். அவர் வேலையை விட்டுப் போனால் உடனே மாற்றுங்கள்.

உண்மையில் பலர் சறுக்குவது லாக் விஷயத்தில்தான், அதாவது யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி தானே எழுதி வைக்கும் பதிவில். எல்லாக் கணினி அமைப்புகளின் லாக்கும் கடைசி 180 நாளுக்கு இருக்க வேண்டும்: பயர்வால், விபிஎன், வெப் சர்வர், மெயில், டேட்டாபேஸ், ப்ராக்ஸி. வெற்றி பெற்ற லாகின் மட்டும் போதாது, தோற்ற முயற்சிகளும் பதிவாக வேண்டும். பயர்வாலின் சொந்த நினைவகத்தை நம்ப முடியாது. இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். தாக்கியவர் அட்மின் உரிமையைப் பிடித்துவிட்டால் முதலில் அழிப்பதும் அந்த லாக்கைத்தான். அதனால் எல்லாவற்றையும் தனி லாக் சர்வருக்கு அனுப்புங்கள். அதன் பாஸ்வேர்டு மற்ற சர்வர்களின் அட்மின் பாஸ்வேர்டாக இருக்கக் கூடாது. நாளுக்கு 2 ஜிபி வந்தால் 180 நாளுக்கு 360 ஜிபி. வெறும் எழுத்து என்பதால் சுருக்கினால் நன்றாகவே குறையும்.

லோட் பேலன்சருக்கு (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவி) பின்னால் இருக்கும் வெப் சர்வரைத் தனியாகப் பாருங்கள். அமைப்பை மாற்றாவிட்டால் எல்லா வரியிலும் லோட் பேலன்சரின் ஐபி மட்டுமே நிற்கும், வந்தவர் யார் என்றே தெரியாது. ஒரே பொது ஐபி வழியாகப் பலர் இணையத்துக்குப் போகும் இடத்தில், ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் பதிவாக வேண்டும்.

அடுத்தது கடிகாரம். தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு (சரியான நேரத்தைத் தரும் சர்வர்) எல்லாக் கருவிகளும் நேரம் ஒத்துப்போக வேண்டும். ஒரு கருவி இந்திய நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரமான யுடிசியிலும் எழுதினால் ஐந்தரை மணி நேரம் விலகும். நேர மண்டலத்தைக் குறிக்காத லாக்கில் எது முதலில் நடந்தது என்று கோக்கவே முடியாது.

சர்ட்-இன் கேட்ட தகவலைத் தராமல் விட்டால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். 1 லட்சமாக இருந்த அபராத உச்சவரம்பை 2023-ன் ஜன் விஸ்வாஸ் சட்டம் 1 கோடி ரூபாயாக உயர்த்தியது. நெட்வொர்க்கை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இந்தப் பொறுப்பைக் கைமாற்ற முடியாது.